லங்சீரில் ஆரத்தித் தண்ணீர்

அந்த லங்சீரை அம்மாதான் தேர்ந்தெடுத்தார். அண்ணன் கல்யாணத்துக்கு ஹால் ஜன்னல்களுக்குப் புதுத் திரை போட்டே ஆக வேண்டும் என்று, கிள்ளானில் ஒரு பாயின் துணிக்கடையில் பாதி நாள் உட்கார்ந்து சுருள் சுருளாக இறக்கச் சொல்லி, கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்தார். முழு வெள்ளை இல்லை. தேங்காய்ப்பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி நிறம். ஓரத்தில் தங்க நூலில் பூ வேலை.

"இந்தக் கலர் அழுக்காயிடும்மா," என்றேன்.

"கல்யாண வீடு வெளிச்சமா இருக்கணும்."

பாய் அளந்து வெட்டி முடித்தபோது அட்டைக் குழாய்தான் மிஞ்சியது. அந்தத் துணி அவ்வளவுதான். பிறகு என்னிடம் இந்தக் கதையைக் கேட்ட எல்லாரும், "வேற ஒண்ணு வாங்கி மாட்டிட வேண்டியதுதானே?" என்றார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதிலிருந்து அம்மா எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நிற்பதில்லை. யாரும் விரட்டவில்லை, தானாக ஒதுங்குவார். தட்டு தூக்கும் நேரத்தில் அடுப்பைப் பார்க்கப் போவார். குங்குமச் சிமிழ் சுற்றி வரும்போது வராத போனைக் காதில் வைத்துக்கொள்வார். நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "உனக்குப் புரியாது," என்பதோடு முடித்துவிடுவார். அண்ணன் தாலி கட்டியபோதும் கோயில் தூணுக்குப் பின்னால்தான் நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். தூணில் கை வைத்தபடி, கழுத்தை நீட்டி, மகனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் மணமக்கள் பண்டமாரானில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேட்டில் ஆரத்தி எடுத்தது பெரியம்மா, அம்மாவின் அக்கா. ஜெஞ்சாரோமில் இருப்பவர். எங்கள் குடும்பத்தில் எது ஆகும், எது ஆகாது என்பது அவர் வாயிலிருந்துதான் வரும். ஆரத்தி எடுத்தார், தண்ணீரை ரோட்டில் கொட்டினார், பால் பழம் கொடுத்தார், சாப்பிட்டார். "புடவை மாத்திட்டு அஞ்சு மணிக்கு வந்துடுறேன். சாயங்காலம் ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிட்டு வரணும். திரும்பி வர்றப்போ திருஷ்டிக்கு இன்னொரு ஆரத்தி இருக்கு, மறந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மற்ற சொந்தங்களும் கலைந்தார்கள்.

அப்போதுதான் வீடியோ எடுப்பவர் கேமராவைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"சிஸ்டர், சின்னப் பிரச்சினை லா. கேட்டுல எடுத்த ஆரத்தி ஏறல. நடுவுல கண்டெய்னர் லோரி வந்து மறைச்சிருச்சு. அது போறதுக்குள்ள கார்டு ஃபுல்."

"இப்ப வந்து சொல்றீங்களே, பாஸ்!"

"இன்னொரு தடவ எடுத்துடலாம். ரெண்டே நிமிஷம். வெளிய வேணாம், வெயில்ல மாப்பிள்ளை மூஞ்சி கரிச்சட்டி மாதிரி விழுது. ஹால்ல எடுக்கலாம். அந்த லங்சீர் முன்னால நின்னா பேக்கிரவுண்ட் சூப்பர்."

"கரிச்சட்டியா?" என்றான் அண்ணன்.

"லைட்டிங்க சொன்னேன், பாஸ்."

பெரியம்மா இல்லையே, யார் எடுப்பது என்று கேட்டேன். கையும் தட்டும்தான் ஃப்ரேமில் வரும், யார் எடுத்தாலும் ஒன்றுதான் என்றார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அப்போது அண்ணி சொன்னார்:

"அத்தை எடுக்கட்டுமே."

சமையலறை வாசலில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

"நான் எதுக்குமா? இவ எடுப்பா."

"இல்ல அத்தை, நீங்க எடுங்க. இது வீடியோவுக்குத்தானே?"

அண்ணன் தரையைப் பார்த்தான். நான் பேசினால் அம்மா பின்வாங்கிவிடுவார் என்று தெரியும். ஓடிப்போய்த் தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூளைப் போட்டு, பெரியம்மா விட்டுப்போன டப்பாவிலிருந்து சுண்ணாம்பைக் கிள்ளிக் கலக்கினேன். அவசரத்தில் சுண்ணாம்பு அதிகம். தண்ணீர் சட்டென்று சிவந்தது. வெற்றிலை வைத்து, கற்பூரம் ஏற்றி, அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை என்னால் இன்னும் சரியாக எழுத முடியவில்லை. சந்தோஷம் என்று சொல்லிவிடலாம், பயமும் இருந்தது. முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் வெற்றிலை வழுக்கியது. எரியும் கற்பூரம் அம்மாவின் கட்டைவிரல் பக்கம் நகர்ந்தது. அம்மா கையை உதறினார். தட்டு சாய்ந்தது.

அண்ணி மேல் ஒரு துளிகூட விழவில்லை. அத்தனையும் பின்னாலிருந்த லங்சீரில் விழுந்தது. இடுப்பு உயரத்தில் ஆரம்பித்துச் சிவப்பு கீழே இறங்கியது.

"பரவால்ல ஆன்டி, கட் பண்ணிடலாம்," என்றார் வீடியோக்காரர். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா தட்டைத் தரையில் வைத்தார். கற்பூரத்தை ஈரக் கையால் அணைத்தார். "நான் தொட்டிருக்கக் கூடாது," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அறைக்குள் போனவர், புதுப் பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய வீட்டு உடுப்போடு கட்டிலில் உட்கார்ந்தார்.

"அம்மா, இது ஒரு விஷயமா?"

"ஆரத்தி ரோட்டுல கொட்டுறது. வீட்டுக்குள்ள கொட்டிட்டேன். அதுவும் நானு. சாயங்காலம் என்னைக் கூப்பிடாதீங்க. அதுங்க கோயிலுக்குப் போறப்பவும் வர மாட்டேன், வர்றப்பவும் வர மாட்டேன். இனிமே நல்லது எதுக்கும் கூப்பிடாதீங்க."

கதவைத் தாழ் போடவில்லை. சும்மா சாத்தினார். அந்த நிதானம்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்குப் பெரியம்மா வருவார். லங்சீரைப் பார்ப்பார். "யார் எடுத்தது?" என்று கேட்பார். அம்மா இப்போது தனக்குள் நினைத்துக்கொண்டிருப்பதை வெளியிலிருந்து ஒரு குரல் சத்தமாகச் சொல்லிவிட்டால், அதை அழிக்க என்னால் ஆகாது. துணியிலுள்ள கறையையாவது அழிக்கலாம். நான் லங்சீரைக் கொக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

அங்கே குழாயடியில் நான் செய்ததைக் கேட்டால் என்கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். நான் படித்தது உணவு வேதியியல். ஷா ஆலாமில் சாஸ் தயாரிக்கும் ஓர் ஆலையின் ஆய்வகத்தில், ஒவ்வொரு பானையிலும் புளிப்பு சரியாக இருக்கிறதா என்று அளப்பதுதான் என் வேலை. ஆனால் அன்றைக்கு அவசரத்தில், போனில் முதலில் வந்த வீடியோவைப் பார்த்து, சலவைத்தூளையும் அப்பச்சோடாவையும் குழைத்துக் கறை மேல் அப்பித் தேய்த்தேன்.

சிவப்பு இன்னும் சிவந்தது. ஓரங்களில் வெளுத்து மஞ்சளாகியிருந்த இடங்கள்கூட ரத்தம் மாதிரி ஆயின. நுரை சிவந்தது. என் கை சிவந்தது.

நிமிர்ந்தேன். பின்கதவில் அம்மா நின்றிருந்தார்.

"பாத்தியா? தேய்க்கத் தேய்க்கச் செவக்குது. போகாது. விட்டுடு."

திரும்பிப் போய்விட்டார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஏன் சிவக்கிறதோ, அதே காரணத்தால்தான் சோப்பு பட்டாலும் சிவக்கும். இரண்டும் காரம். காரத்தை அடிக்கப் புளிப்பு வேண்டும். பள்ளிக்கூடத்தில் வடிகட்டித் தாளில் மஞ்சள் தடவிச் செய்த சோதனை! நான் கறையை எடுக்கவில்லை, வளர்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே! வினிகர் வாங்கிட்டு வா. எலுமிச்சம்பழமும். ஓடு!"

"இந்த வேட்டியோடயா?"

"அவுத்துட்டா போவே? ஓடு லா!"

பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு, மாப்பிள்ளை முனைக் கடைக்குப் போனான். "என்ன மாப்பிள்ள, முத நாளே சமையல் வேலையா?" என்று கடைக்காரர் கேட்டாராம். இப்போது சொல்லிச் சிரிக்கிறான். அன்றைக்குத் திரும்பி வந்தபோது பையை என்னிடம் நீட்டிவிட்டு, "அம்மா வெளிய வந்தாங்களா?" என்று மட்டும்தான் கேட்டான்.

அண்ணி இதற்குள் கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் எதிரே குந்தியிருந்தார். "நான்தான் எடுங்கன்னு சொன்னேன்," என்றார். அழவில்லை. எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பிழிய ஆரம்பித்தார். மருதாணிக் கை. வளையல்கள் வாளியில் இடித்தன. நான் நுரையை அலசி எடுத்துவிட்டு, வினிகரில் தண்ணீர் கலந்து ஊற்றினேன். ஊற்றிய இடத்தில் சிவப்பு ஓடியது. துணியில் மஞ்சள் மலர்ந்தது. பெரிய, பளிச்சென்ற மஞ்சள்.

"அம்மா! வந்து பாரும்மா, செவப்பு போச்சு!"

உள்ளேயிருந்து, "நீ படிச்சவ. எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருப்ப," என்று குரல் மட்டும் வந்தது.

சிவப்பு போனாலும் மஞ்சள் இருந்தது. பிளீச் ஊற்றினால் அந்த நிறத்தில் வெள்ளைத் திட்டு விழும், தங்க நூலும் கறுத்துவிடும். மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய போத்தல் ஒன்று அலமாரியில் கிடந்தது. துணிக்கு அடியில் பழைய துண்டை மடித்து வைத்து, பஞ்சால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினேன். தேய்த்தால் பரவும், ஒற்றத்தான் வேண்டும். அடியிலிருந்த துண்டு மஞ்சளை வாங்கிக்கொண்டது. துண்டை மாற்றி மாற்றி மடித்தோம். லங்சீரில் மஞ்சள் இறங்கிக்கொண்டே வந்து, ஓர் அளவுக்கு மேல் இறங்க மறுத்தது.

மிச்சத்தை வெயில்தான் எடுக்க வேண்டும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, வெளுத்துவிடும். தலைக்கு மேல் நல்ல வெயில் இருந்தது. ஆனால் துறைமுகத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை வர்றதுக்குள்ள வாளிய எல்லாம் கழுவிடலாம்," என்றார் அண்ணி. என் பழைய நுரை வாளியை இழுத்தார். வாளி சரிந்தது. சலவைத்தூள் தண்ணீர் அவர் கழுத்திலிருந்து மார்பு வரை அடித்தது. இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தோம். அண்ணி கழுத்தைத் துடைக்கக் கையை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

தாலிக் கயிறு. காலையில் கட்டிய புது மஞ்சள் கயிறு. சோப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது.

எனக்குக் காரணம் தெரியும். கொஞ்ச நேரம் முன்னால்தான் அதே சிவப்பை வினிகரால் போக்கியிருந்தேன். ஆனாலும் அம்மா சொன்னதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அண்ணி கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ... அத்தை!" என்று கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை.

கதவு திறந்தது. அம்மா வேகமாக வந்தார். என்னமோ ஏதோ என்று வந்தவர், கயிற்றைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த நாளில் முதல் தடவையாக அவருடைய வழக்கமான குரலில் பேசினார்.

"அட, இதுக்கா இந்தக் கத்து கத்துன? சோப்பு பட்டா அப்படித்தான்டி செவக்கும். எனக்கும் முத நாள் குளிக்கிறப்போ செவந்துச்சு. நான் பாத்ரூம்ல உக்காந்து ஓன்னு அழுதேன். உங்க மாமா வெளிய நின்னுக்கிட்டு, ஆரத்தியில எப்பவும் பாக்குறதுதானேன்னு சிரிச்சாரு. ஒண்ணும் இல்ல. வா, உள்ள வா."

அண்ணியின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனார். நான் பின்னாலேயே போனேன். அம்மா நல்ல தண்ணீரில் கயிற்றை அலசினார். எலுமிச்சம்பழத் தோலால் ஓர் இழுப்பு இழுத்தார். டப்பாவைத் திறந்து மஞ்சளை எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தாலிக் கயிற்றில் விரலால் நீளமாகப் பூசினார். பழக்கப்பட்ட கை. முடிச்சு வரை வந்து, முடிச்சைத் திருப்பி அடியிலும் பூசினார்.

பூசி முடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார். மஞ்சளாக இருந்த கையை.

  கையை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.  அம்மா குழாயைத் திறந்தார். சோப்பு எடுத்தார். கை சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் கழுவினார்.

"அந்த லங்சீர நெழல்லயா போட்டு வச்சிருக்கீங்க? இன்னும் அர மணி நேரத்துல மழை வரும். காருக்கு மேல விரி. காஞ்சா வேலை செய்யாது, தண்ணி தெளிச்சுக்கிட்டே இரு," என்றார் என்னிடம்.

அண்ணன் கார்மேல் விரித்தோம். கல்யாண ரிப்பன் ஒரு பக்கம், லங்சீர் ஒரு பக்கம். தண்ணீர் தெளித்தேன், திருப்பினேன், தெளித்தேன். மஞ்சள் கண்முன்னால் மங்குவது மாதிரியும் இருந்தது, மங்காதது மாதிரியும் இருந்தது. மேகம் சூரியனை மறைப்பதும் விடுவதுமாக இருந்தது. எதிர்வீட்டு ஆன்டி கேட்டுக்கு வந்து, "என்ன புள்ள, கல்யாணத்தன்னைக்கே துணி துவைக்கிறீங்க?" என்று கேட்டார். "பறவை எச்சம் ஆன்டி," என்றேன். "ஹாலுக்குள்ளயா?" என்றார். நான் காது கேட்காத மாதிரி தண்ணீர் தெளித்தேன்.

முதல் துளி என் கையில் விழுந்ததும் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினோம். அம்மா இஸ்திரிப்பெட்டியை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தார். தங்க நூலின் மேல் மெல்லிய துணி போட்டு, அவரே தேய்த்துக் காயவைத்தார். கறை இருந்த இடத்தைத் தேடினேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அண்ணன் அதை மடிப்புக்குள் போகிற மாதிரி மாட்டினான்.

ஐந்து மணி ஆகும் முன்பே பெரியம்மா குடையை உதறிக்கொண்டு வந்தார். நேராக அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் வேறு நாற்காலியே இல்லாத மாதிரி.

"என்ன புளிச்ச வாடை இது? அச்சார் போட்டீங்களா?"

 நான் வாயைத் திறந்தேன். அண்ணியும் திறந்தார். அதற்குள் அம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். வீட்டு உடுப்பு இல்லை. மறுபடியும் புதுப் பட்டைக் கட்டியிருந்தார்.

"வீடியோல ஏறலைன்னு இன்னொரு தடவ ஆரத்தி எடுத்தோம்க்கா. நான்தான் எடுத்தேன். கொட்டிடுச்சு. அதான் துவைச்சோம்."

 பெரியம்மா தேநீரை எடுத்தார், குடிக்கவில்லை.

"நீ எடுத்தியா?"

"ஆமா."

"யார் எடுக்கச் சொன்னா?"

"நான்தான் பெரியம்மா," என்றார் அண்ணி.

பெரியம்மா அண்ணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் லங்சீரைத் தொட்டுப் பார்த்தார். சரியாக அந்த மடிப்பை விரித்து. "சோப்பு போட்டிருப்பீங்களே," என்றார்.  சமாதானமாகிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். உதடு இறுகித்தான் இருந்தது.

மழை விட்டதும் அண்ணனும் அண்ணியும் கோயிலுக்குப் போனார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினார்கள். பெரியம்மா ஆரத்தித் தட்டைக் கலக்கி வைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே ஈர ரோட்டில் இருவரும் நின்றார்கள். பெரியம்மா தட்டை எடுத்தார். எடுத்தவர் நடக்கவில்லை. அண்ணி அவரைத் தாண்டி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அம்மா நின்றிருந்தார். எப்போதும்போல் ஒரு காலை உள்ளே வைத்தபடி.

"வா," என்றார் பெரியம்மா. எரிச்சலாகத்தான் சொன்னார். "தட்டு கனமா இருக்கு. அந்தப் பக்கம் புடி. இந்தத் தடவ ஆட்டாத."

அம்மா செருப்புப் போடாமல் வந்தார். தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். சுற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் தட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலை அசையவில்லை. இருவர் நெற்றியிலும் பெரியம்மா பொட்டு வைத்தார். அம்மா மகனின் நெற்றியை ஒரு தடவை விரலால் தொட்டார். பிறகு அண்ணியின் நெற்றியையும்.

தண்ணீரை ரோட்டில் கொட்டியது அம்மாதான். கொட்டும்போது கொஞ்சம் தெறித்தது. அவருடைய வெளிர்நிறப் பட்டில், முழங்காலுக்குக் கீழே, சிவப்பாக நாலைந்து புள்ளி. எல்லாரும் பார்த்தோம். அம்மாவும் குனிந்து பார்த்தார். மாற்றிக்கொள்ள உள்ளே போகவில்லை. அந்தப் புடவையோடேயே எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்.

என் இலைக்கு வந்தபோது சாம்பார்க் கரண்டியை நிறுத்திவிட்டு, "நாளைக்கு நானே துவைச்சுக்குறேன். நீ சோப்பத் தூக்கிக்கிட்டு வந்துடாத," என்றார்.